சுதாராணி பேரில்

கிருஷ்ணப்ரியா பார்ப்பது ஊரை ஏமாற்றும் வேலை. ஆனால் நல்லதுக்கு ஏமாற்றுவது. கோவில்பட்டியில் செருப்புக்கடை மாடியில் இருக்கும் சைபர் பாதுகாப்புக் கம்பெனியில் அதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். திருடன் அனுப்புவது மாதிரியே பொய் மெயில் அனுப்புவாள். அதில் இருக்கும் லிங்க்கை அவசரப்பட்டு அமுக்குகிறவர்கள் பெயர் அறிக்கையில் ஏறும். அப்புறம் அவர்களுக்குப் பாடம் எடுப்பார்கள், அவ்வளவுதான் என்று சொல்லித்தான் அவளைச் சேர்த்தார்கள்.

இந்தத் தடவை மாட்டியது கார்த்திகேசன் அண்ணாச்சியின் தீப்பெட்டி ஆபீஸ். அங்கே தீபாவளிக்குச் சேலை உண்டு. கொடுத்த கலரைக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். இருபது வருஷம் அங்கே வேலை பார்த்த அவள் அம்மாவுக்கு ஒருமுறைகூடப் பிடித்த கலர் வாய்த்ததில்லை. இது தெரிந்தவள் வைக்கும் பொறி சும்மா இருக்குமா? 'இந்த வருஷம் சேலைக் கலரை நீங்களே அமுக்கிச் சொல்லுங்கள்' என்று மெயில் போட்டாள். அவள் மேனேஜர் லிங்கராஜ் ஆஹா ஓஹோ என்று புகழ்ந்தார்.

ஏழு தடவை அமுக்கியிருந்தார்கள். ஏழும் சுதாராணி என்ற ஒரே பெயரில்.

அறிக்கை போன மூன்றாம் நாள் மாடிப்படிக்குக் கீழே அந்தச் சுதாராணி வந்து நின்றாள். பாடமும் எடுக்கவில்லை ஒன்றும் எடுக்கவில்லை. அண்ணாச்சி அவளை வேலையை விட்டே நிறுத்திவிட்டார்.

"நான் பச்சதான் கேட்டேன் பாப்பா. மத்த ஆறும் நான் இல்ல. ஆளுக்கொரு லாகின் குடுத்தாவ, எவன் அதத் திறந்தான்? காலைல எல்லாக் கம்ப்யூட்டரையும் என் பேர்ல நான்தான் திறக்குதேன். மெயிலும் எல்லாருக்கும் அதுலதான். பாஸ்வேர்ட காலண்டர்லயே எழுதிப் போட்டிருக்கோம். அண்ணாச்சிட்ட ஒரு வார்த்த சொல்லேன்."

கிருஷ்ணப்ரியா மாடிக்குப் போய் அறிக்கையை மறுபடி திறந்தாள். ஒருத்தி எதற்கு ஏழு கலர் கேட்பாள்? கலரெல்லாம் பட்டியலிலேயே இருந்தது. எண்ணிக்கையைப் பார்த்துப் பூரித்துப் போனவள் அதைப் பார்க்கவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான்.

லிங்கராஜிடம் ஓடினாள்.

"அறிக்கை போயாச்சும்மா. இப்பப் போய்த் தப்புன்னா நாளைக்கு நம்மள எவன் நம்புவான்? அந்தம்மா ஒரு தடவையாவது அமுக்குனா இல்ல? அவ லாகின மூடச் சொல்லி அண்ணாச்சி எழுதியிருக்காவ. அத முடி."

மூடினாள். அவளுக்கும் மாசம் பிறந்தால் சம்பளம் வேண்டும். அப்படிச் சொல்லித் தேற்றிக்கொண்டாள்.

மறுநாள் பத்து மணிக்கு அண்ணாச்சியே போன் செய்தார்.

"ஏம்மா, என்ன செஞ்சு வச்சிருக்கிய? இங்கன ஒருத்தனாலயும் கம்ப்யூட்டருக்குள்ள போக முடியல. ஆறு பேரும் கையக் கட்டிட்டு உக்காந்திருக்கான். லோடு ஏத்துன லாரி பில்லு இல்லாம நிக்குது."

இதை விட்டால் வேறு சமயம் வாய்க்காது என்று அவளுக்குப் பட்டது. "அண்ணாச்சி, எல்லாரும் சுதாராணி அக்கா பேர்லதான் உள்ள போயிருக்காங்க. அந்த ஏழும் அவங்க அமுக்குனது இல்ல. அறிக்கை தப்பு. தப்பு என்னுது."

அண்ணாச்சி லாரிக்காரனைப் பொறுக்கச் சொல்லிவிட்டு வந்தார்.

"சரிம்மா, போனது போவட்டும். அந்தப் பேரத் திறந்து விடு."

"அப்ப அக்காவ வரச் சொல்லட்டுமா அண்ணாச்சி?"

"அவ எதுக்கு? அவ வேலைய மத்தவன் பாத்துக்கிடுவான். பேரு இருந்தாப் போதும். பாஸ்வேர்டு எல்லாவனுக்கும் மனப்பாடம்."

அழுதுகொண்டேதான் திறந்துவிட்டாள். பத்தரை மணிக்கு, சுதாராணி வேலைக்கு வந்துவிட்டதாகத் திரையில் காட்டியது.