கால்வாசிக் குரலில் ஒரு சம்மதம்

ஆபீசில் அவனுக்கு வைத்த பெயர் கிலோபிட்டு. ஃபோனில் போகும் பேச்சை எவ்வளவு நசுக்கி அனுப்பலாம் என்று பார்ப்பதுதான் பிழைப்பு. நசுக்க நசுக்க லைனில் நெரிசல் குறையும், கம்பெனிக்குக் கொண்டாட்டம். குரலில் உள்ள குழைவும் பெருமூச்சும்தான் உதிர்ந்து போகும்.

"வார்த்தை புரிஞ்சா போதும்யா. கால்வாசியாக் குறை" என்பார் மேனேஜர்.

"உயிர் போயிடும் சார்" என்று அவரோடு மல்லுக்கு நின்றவன் கிலோபிட்டு. அந்த உயிரை அவனே எடுப்பான் என்று யார் கண்டார்கள்?

அக்கா தன் வீட்டில் மராமத்து வேலை என்று, புருஷனோடு ஒரு மாதம் தங்க அன்று சாயங்காலமே வருகிறாள். தம்பி வாக்குக் கொடுத்துவிட்டான், மனைவியிடம்தான் சொல்லவில்லை. நேரில் கேட்க தைரியமில்லாமல் ஆபீசின் சோதனை ஃபோனில் கூப்பிட்டுக் கெஞ்சினான்.

"சரீ..." என்றாள்.

அந்த இழுப்பில் அவனுக்குச் சலிப்புதான் கேட்டது. "லைன் சரியில்ல, திரும்பக் கூப்பிடறேன்" என்று வைத்தான். குரலின் தரத்தைக் கால்வாசிக்கு இறக்கிவிட்டு, முன்னைவிட உருகிக் கேட்டான். இந்த முறை வந்த 'சரி'யில் இழுப்புமில்லை, மூச்சுமில்லை. பழம் நழுவிப் பாலில் விழுந்தது! அதே ஜோரில் மேனேஜரிடம் ஓடினான்: "கால்வாசியே போதும் சார்!"

வீட்டில் மனைவி இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"முதல்ல கெஞ்சினீங்க, இழுத்துக்கிட்டாவது மனசார ஒத்துக்கிட்டேன். அப்புறம் எதுக்குத் திரும்பக் கூப்பிட்டு அதிகாரம் பண்ணீங்க? 'அக்கா வரணும், ஒரு மாசம்'னு, மரக்கட்டை மாதிரி!"

"ஐயோ, ரெண்டாவது தடவைதான் அதிகமாக் கெஞ்சினேன்!"

அவள் சலிப்பைக் கழித்த நசுக்கல் அவன் கெஞ்சலையும் கழித்திருந்தது. லைனுக்கு இரண்டு முனை உண்டு என்பது பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். நிபுணருக்குத்தான் தோன்றவில்லை. பாவம், நல்ல சம்மதத்தைக் கையில் வைத்துக்கொண்டே கெடுத்துக்கொண்டான்.

அழைப்பு மணி அடித்தது. "வாங்க அண்ணி!" என்று அவள் வாயெல்லாம் பல்லாகப் பெட்டியை வாங்கினாள். பிறகு அவன் பக்கம் திரும்பினாள்.

"அண்ணியும் நானும் ரூம்ல படுத்துக்கறோம். நீங்களும் உங்க அத்தானும் ஹால்ல. அவர் குறட்டையப் பத்தி அண்ணி நிறையச் சொல்லியிருக்காங்க. ஒரு மாசந்தானே, சரியா?"

"சரீ..." என்றான் கிலோபிட்டு.

அந்த இழுப்பும் அதன் பின்னால் வந்த பெருமூச்சும், ஒரு பிட்கூடக் குறையாமல் அவளுக்குப் போய்ச் சேர்ந்தன.