பங்குக்கிணறு

உரும்பிராயில் சோமசேகரமும் பஞ்சலிங்கமும் ஒரே கிணற்றுப் பங்காளிகள். புகையிலைக்கு இறைக்கும் முறை யாருடையது என்று அந்த மாசியில் வாய்த்தர்க்கம் முற்றியது. ஏற்ற மரமான துலாவில் ஒருவர் ஏறி மிதிக்க, மற்றவர் கீழே பட்டையால் நீர் அள்ளுவார். ஆத்திரத்தில் பஞ்சலிங்கம் அந்தத் துலாவைப் பிணைத்திருந்த கயிற்றைப் பாதி அறுத்துவிட்டான். சோமசேகரத்தின் ஒருநாள் இறைப்புக் கெடும், அவ்வளவுதான் என்று நினைத்தான். சோமசேகரம் ஏறி மிதித்தபோது துலா சரிந்தது. கிணற்றுக்கட்டில் விழுந்தவருக்குத் தொடையெலும்பு முறிந்தது.

அறுத்ததைக் கண்டவர்கள் இருந்தார்கள். ஊர்த் தலைமைக்காரரான விதானையார் வந்து, "உவனைக் கோட்டுக்கு ஏத்துவம். மறியலிலை அடைப்பினம்" என்றார்.

சோமசேகரத்தின் மனைவி பூரணம் அதற்கு இணங்கவில்லை.

"அவன் மறியலுக்குப் போனா எங்கடை புகையிலைக் கண்டுக்கு ஆர் இறைக்கிறது? அவன்ரை பெண்சாதி வேறை வயித்திலை பிள்ளையோடை நிக்கிறாள். முதல்லை அவன் இஞ்சை வந்து, இவருக்கு முன்னாலை செய்ததைச் சொல்லட்டும்."

பஞ்சலிங்கம் வந்தான். மட்டை வைத்துக் கட்டிய காலைப் பார்த்தபடி சொன்னான்.

"கயித்தை அறுத்தது நான்தான் அண்ணை. நீங்கள் விழுவியள் எண்டு நினைக்கேல்லை."

சோமசேகரம் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"இவர் எழும்பும்வரை எங்கடை தோட்டத்துக்கும் நீதான் இறைக்க வேணும்" என்றாள் பூரணம்.

"ஓம் அக்கா."

அன்றுமுதல் அவன் சோமசேகரத்தின் தோட்டத்துக்கே முதலில் இறைத்தான். தன் பயிருக்கு வரும்போது வெயில் ஏறிவிடும். உடம்பில் பலமும் இராது. சோமசேகரம் அவனோடு ஒரு சொல்லும் கதைக்கவில்லை.

ஒருநாள் படுக்கையை யன்னலோரம் இழுத்துப் போட்டார்கள். தங்கள் தோட்டத்தில் வாடிக் கிடந்த கண்டுகளுக்குப் பஞ்சலிங்கத்தின் மனைவி பாலேஸ்வரி, வயிற்றைத் தாங்கியபடி குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றுவதைச் சோமசேகரம் கண்டார்.

"பூரணம், நாளைக்கு உவனைத் தன்ரை தோட்டத்துக்கு முதல் இறைக்கச் சொல்லு. அந்தப் பிள்ளையைக் குடம் தூக்க விடாதை."

சேதி கேட்ட பஞ்சலிங்கம் கிணற்றடியிலேயே குந்தியிருந்து அழுதான்.

எலும்பு கோணலாகத்தான் பொருந்தியது. இனித் துலா மிதிக்க முடியாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். ஆனாலும் ஒரு விடியற்காலை சோமசேகரம் பொல்லை ஊன்றிக் கிணற்றடிக்கு வந்து, தண்ணீர் அள்ளும் பட்டையைக் கையில் எடுத்தார். துலாவின் மேலே ஏறி நின்ற பஞ்சலிங்கம் குனிந்து பார்த்தான்.

"எனக்கு இன்னும் கோவம் போகேல்லையடா."

"தெரியும் அண்ணை."

"சரி, பாத்து மிதி."

துலா தாழ்ந்தது.