கத்திரி வெயிலில் ஹீட்டர்

1

இந்தக் கதை எனக்குத் தரகுக் கூலியாக வந்தது. ஒரு பழைய பிக்கப் வண்டியை விற்பவருக்கும் வாங்குபவருக்கும் நடுவில் நின்றேன். பேரம் படியுமோ படியாதோ என்று பயந்து, கையில் அகப்பட்டதை முன்கூட்டியே எடுத்துக்கொண்டுவிட்டேன்.

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் பழைய வண்டி வாங்கி விற்ற என் அப்பா சொல்வார்: "சரக்குல சின்னக் கொறைய நீயே சொல்லிடு. பெரிய கொறைய அவன் தேடமாட்டான்." ஆகவே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதைக்கு முடிவு கிடையாது.

(பெரிய குறையை நீங்கள் தேடவேண்டாம்.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "மழை பெய்துகொண்டிருந்தது. ராயபுரத்தின் கூரைகள்—"

இல்லை. நடந்தது மே மாதம். மழைக்கு நான் எங்கே போவேன்?

பிறகு: "அம்புரோஸ் கடலின் மைந்தன்—"

வண்டியை விற்கும் அவருக்குப் படகில் ஏறினால் குமட்டும். காசிமேட்டிலிருந்து மீனும் ஐஸும் ஏற்றி ஓட்டியவர். கல்யாணமான வருடம், மலை எஸ்டேட் ஒன்று ஏலம்விட்ட பிக்கப்பை வாங்கி வந்தார். அதில் ஹீட்டர் இருந்தது. தெருவே சிரித்ததாம். "மெட்ராஸ்ல ஹீட்டரு இன்னாத்துக்கு மாமு? வண்டிக்குள்ளயே கருவாடு போடப் போறியா?"

இப்போது வண்டிக்கு வயதாகிவிட்டது. இனி சாலையில் ஓட அனுமதி கிடைக்காது. ஒன்று, பழைய இரும்புக்குப் போகவேண்டும். அல்லது நான் பிடித்து வந்த குன்னூர்க்காரரிடம் போகவேண்டும். அவர் தோட்டத்துக்குள்ளேயே ஓட்டிக்கொள்வார். ஒரே ஒரு நிபந்தனை: "ஹீட்டர் வேலை செய்யணுங்க. காலைல பனி எறங்கினா கண்ணாடில ஒண்ணும் தெரியாது."

வண்டியின் வாழ்வும் சாவும், இந்த ஊரில் யாருமே கேட்காத ஒரு சாமானில் தொங்கியது.

3

யாருமே கேட்காத, என்று எழுதியது தவறு.

அம்புரோஸுக்குக் கல்யாணமானபோது ஒற்றை அறை வீட்டில் அம்மா, அண்ணன் குடும்பம், தங்கைகள் எல்லாரும் இருந்தார்கள். புதுப்பெண் இருதயம்மாள் துறைமுகத்தில் வலை பின்னப் போவாள். கார்த்திகை மழையில் தொப்பலாக நனைந்து வருவாள். அவளை ஏற்றிக்கொண்டு, கடலோரக் கருங்கல் தடுப்புப் பக்கம் வண்டியை நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றி, ஹீட்டரைப் போடுவார். தலை காயும்வரை பேசிக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கென்று இருந்த முதல் அறை அதுதான்.

(இங்கே ஒரு வாக்கியம் எழுதி அடித்துவிட்டேன். பிள்ளைகள் படிப்பார்கள்.)

4

கத்திரி வெயிலில் ஹீட்டர் சோதித்த ஆட்கள் சென்னை சரித்திரத்தில் நாங்கள் மூவர்தான் இருப்போம்.

வீட்டு வாசலில் போட்டால் காற்று வரும், சூடு வராது. சரி, போய்விட்டது என்று முடிவு கட்டி, குன்னூர்க்காரரைச் சமாதானப்படுத்த எண்ணூர்ப் பக்கம் ஒரு சுற்று போனோம். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே நகர்ந்துகொண்டிருந்தபோது, திடீரென்று முகத்தில் அடுப்பு திறந்தது. "வந்துடுச்சுங்க!" என்று குன்னூர்க்காரர் குழந்தைபோலக் கத்தினார். வாசலுக்குத் திரும்பி, வண்டி ஆறியதும் மறுபடி போட்டோம். வெறும் காற்று.

அம்புரோஸ் ரேடியேட்டரில் தண்ணீர் பார்த்தார், நிறைய இருந்தது. ஃபியூஸ் பார்த்தார், விசிறி பார்த்தார். குழாயில் காற்று அடைத்திருக்கும் என்று மூடியைத் திறந்து எஞ்சினை உறுமவிட்டார். எல்லாம் சரி. ஆனால் சூடு இல்லை.

"இஷ்டம் இருந்தா வருது, இல்லாங்காட்டி இல்ல. பேஜாரு புடிச்ச வண்டி," என்றார்.

வாசற்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த இருதயம்மாள் தலை தூக்காமல் சொன்னாள்: "அதுக்குப் போவ இஷ்டமில்ல. நீ ஏன்யா அத்த புடிச்சுத் தள்ளுற?"

"இங்க வெச்சுகினு இன்னா பண்றது இருதயம்? துருப்புடிச்சுப் பூடும்."

"பூட்டுமே. கண்ணு முன்னால கீதுல்ல."

5

கடைசியில், எஞ்சினுக்குப் பின்னால் கைவிட்டுத் துழாவியவர் அப்படியே நின்றுவிட்டார். நானும் எட்டிப் பார்த்தேன்.

வெந்நீரை ஹீட்டருக்கு விடுகிற குழாயில் சின்ன நெம்புகோல் ஒன்று உண்டு. டாஷ்போர்டில் குமிழை இழுத்தால் அது திறக்கவேண்டும். அதைத் திறக்கவிடாமல் யாரோ நைலான் நூலால் இழுத்துக் கட்டியிருந்தார்கள். நீல நூல், வலை பின்னுகிற நூல். எஞ்சின் நன்றாகக் கொதித்தால் நூல் தளர்ந்து நெம்புகோல் திறக்கும். ஆறினால் மறுபடி இறுகிவிடும். சுற்றிலும் வருடக்கணக்கான எண்ணெய் அழுக்கு. நூலில் மட்டும் ஒரு பொட்டு அழுக்கில்லை.

முடிச்சு வலை முடிச்சு. கடைசியில் ஒரு சுற்று அதிகம். காசிமேட்டில் ஒவ்வொருவர் முடிச்சும் ஒரு தினுசு. கட்டியவள் யாரென்று வலையைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். அந்த அதிகப்படிச் சுற்றை அம்புரோஸ் கல்யாணத்துக்கு முன்பிருந்தே பார்த்துக்கொண்டிருப்பவர்.

"யார் அண்ணே இப்படிப் பண்ணது?" என்றேன். எனக்குத் தெரியாதா என்ன?

"எலி, நைனா."

"எலி வலை முடிச்சு போடுமா?"

"ராயபுரத்து எலி இன்னா வேணா பண்ணும். நீ கம்னு கெட."

"இன்னா, கெடச்சுதா?" படியிலிருந்து குரல் வந்தது.

"தேடிகினே கீறேன்," என்றார். நூலை அறுக்க எடுத்த மீன் வெட்டும் கத்தி அவர் கையில் இருந்தது.

6

இங்கே தரகன் மகன் புத்தி எட்டிப் பார்க்கிறது. இரண்டு முடிவுகள் கைவசம் இருக்கின்றன.

ஒன்று: நூலை அறுக்கிறார். சூடு பாய்கிறது. வண்டி மலையேறுகிறது. இருதயம்மாள் கையை— (வெங்காயம் உரித்த கையால் கண்ணைத் துடைக்கிறாள் என்று எழுதப் பார்த்தேன். அழுகைக்கு வெங்காயத்தைக் காரணம் காட்டுவது மலிவு சரக்கு.)

இரண்டு: "ரிப்பேர் ஆவாது சார்" என்கிறார். குன்னூர்க்காரர் பஸ் ஏறுகிறார். வண்டி அவள் கண் முன்னாலேயே கொஞ்ச நாள் நிற்கிறது. பிறகு, இரும்புக்காரன் வருகிறான்.

இரண்டையும் புரட்டிப் பார்த்தேன். இரண்டிலும் யாரோ ஏமாறுகிறார்கள்.

7

நடந்தது இவ்வளவுதான். அம்புரோஸ் கத்தியை என் கையில் கொடுத்தார். பானெட்டை மூடினார்.

"இருதயம், ஏறு."

"எங்கய்யா?"

"ஹீட்டர் டெஸ்ட்."

"இந்த வெயில்லயா? இன்னா, மற கழண்டு போச்சா?"

சொல்லிக்கொண்டே முறத்தை இறக்கிவைத்துவிட்டு ஏறிக்கொண்டாள். கதவைச் சாத்தினாள். முதலில் அவர் பக்கக் கண்ணாடி ஏறியது. பிறகு அவள் பக்கக் கண்ணாடியை அவளே சுற்றி ஏற்றினாள். ரோடே உருகும் வெயிலில் இரண்டு கண்ணாடியையும் ஏற்றிக்கொண்டு வண்டி எண்ணூர்ப் பக்கம் திரும்பியது. நூல் தளர அவ்வளவு தூரம் போகத்தான் வேண்டும்.

டீ கிளாஸோடு நின்ற குன்னூர்க்காரர் கேட்டார்: "எப்பங்க வருவாங்க?"

"தலை காஞ்சதும்," என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. உங்களுக்குப் புரியும். வண்டி திரும்பி வருவதற்குள் நான் எழுதுவதை நிறுத்திக்கொள்கிறேன். கத்தி இன்னும் என் கையில்தான் இருக்கிறது, மீன் வாடையோடு. வாங்கிக்கொள்ளுங்கள். அறுப்பதோ விடுவதோ, இனி உங்கள் பாடு.