பொக்கைத் தடம்

டயர் கடையில் எவாரிஸ்தோ குத்தவைத்து உட்கார்ந்து, புது டயர்களின் பள்ளங்களில் விரலை விட்டு விட்டு எடுத்துக்கொண்டிருந்தான், சந்தையில் கோழி வாங்குகிறவன் அதன் வயிற்றைத் தடவிப் பார்க்கிற மாதிரி. எதிரே மூன்று ரகம். ஒன்று பெரிய பேர் எடுத்த கம்பெனி டயர். விலையைக் கேட்டதும் அதைத் தொடுவதையே விட்டுவிட்டான். இன்னொன்று சேற்று டயர், மேலே புடைத்த ஒவ்வொரு ரப்பர் கட்டையும் துணிசோப்புக் கட்டி கனம். சேற்றில் புலிதான், ஆனால் தார் ரோட்டில் ஏறினால் ஊளையிடும், சீக்கிரம் மொட்டையாகிவிடும். மூன்றாவது சீனத்திலிருந்து வந்தது. அதன் பேர் யார் வாயிலும் நுழையாது. சேறு, சரளை, தார் எல்லாவற்றோடும் சுமாராக ஒத்துப்போகும், விலையும் கைக்கு அடக்கம்.

"மரவள்ளி ஏத்துற பிக்கப்புக்குப் பக்கவாட்டு கனமா இருக்கணும், அண்ணே. இதுல இருக்கு," என்றான் கடைக்காரன் லீனோ.

எவாரிஸ்தோ கனத்தைப் பற்றிக் கேட்கவில்லை. உழைக்குமா என்றும் கேட்கவில்லை. "இத யார் யாரு போட்டிருக்காங்க?" என்று கேட்டான்.

லீனோவுக்குப் பெருமை தாங்கவில்லை. மாட்டு வியாபாரி கிறிஸ்பின், போலீஸ் ஸ்டேஷன் வண்டி, பாதிரியார், பால் எடுக்க வருகிறவன் என்று அடுக்கிக்கொண்டே போனான். பாதி ஜில்லா இதில்தான் ஓடுகிறதாம். "அப்ப இதையே மாட்டு," என்றான் எவாரிஸ்தோ, திருவிழாக் கூட்டத்துக்குள் புகுந்துவிட்டவனின் நிம்மதியோடு. சரக்கின் தரம்தான் பேசியது என்று லீனோ நினைத்துக்கொண்டான். பாவம், வியாபாரிகளுக்கு அதற்கு மேல் தெரியாது.

விஷயம் வேறு. அவன் ஊரான தக்குவாராவின் மண் செம்மண். துணியில் பட்டால் துணி கிழிந்தாலும் கறை போகாது. மழை விட்ட மறுநாள் அதுதான் ஊருக்குச் செய்தித்தாள். சூடான மாத்தே இலைக் கஷாயக் குவளையும் கையுமாக வாசலுக்கு வந்தால் போதும். பாதிரியார் யார் வீட்டுக்கு அவசரமாகப் போனார், போலீஸ் வண்டி யார் வாசலில் சாப்பாட்டு நேரம் முழுக்க நின்றது, கால்நடை டாக்டர் மாடே இல்லாத வீட்டுக்கு எதற்கு வந்தார், எல்லாம் அச்சடித்தாற்போல் கிடக்கும். இதை வம்பு என்று சொல்கிறவர்கள் உண்டு. கண்ணை மூடிக்கொண்டா தெருவில் நடக்க முடியும்?

அந்தச் செய்தித்தாளில் எவாரிஸ்தோவுக்கு என்று நிரந்தரமாக ஒரு பத்தி இருந்தது. அவன் வண்டியின் பின்பக்க வலது டயரில் ஒரு கட்டை ஓடைக் கல்லில் மாட்டிப் பிய்ந்துபோயிருந்தது. சக்கரம் ஒவ்வொரு சுற்று சுற்றும்போதும் மண்ணில் ஒரு பொக்கை விழும், முன்பல் போனவன் சிரித்ததைப் போல. அந்தப் பொக்கைத் தடம் தெருவின் கடைசி வரை போகும். அங்கே சுனில்தாவின் வேலிக்கதவுக்கு முன்னால் அரைவட்டம் அடித்து, வந்த வழியே திரும்பும். மாவு ஆலைக்கு மரவள்ளி ஏற்றுகிறவனுக்குத் தெருக்கடைசியில் என்ன வேலை என்று கேட்டால், வண்டி திருப்ப அங்கேதான் அகலம் என்பான். அவன் வீட்டு வாசலில் இரண்டு லாரி ஒரே நேரத்தில் திருப்பலாம்.

சுனில்தா விதவை. பாலாடைக்கட்டி செய்து விற்கிறவள், அதிகம் பேசாதவள். அவள் புருஷனின் சவப்பெட்டி கல்லறைக்குப் போனது எவாரிஸ்தோவின் பிக்கப்பில்தான். முன் சீட்டில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள், வழி நெடுக ஒரு வார்த்தை இல்லை. இறங்கும்போது மட்டும், "குலுங்காம ஓட்டுனீங்க," என்றாள். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டுதான் மனுஷன் இத்தனை வருஷமாகக் குடும்பம் நடத்திக்கொண்டிருக்கிறான். இன்றைக்கும் தனியாக ஓட்டும்போதுகூடக் குழி வந்தால் வேகத்தைக் குறைத்து, பக்கத்துச் சீட்டைப் பார்ப்பான்.

தினம் இருட்டியதும் இன்றைக்கு இறங்கிவிடுவது என்று கிளம்புவான். கதவு நெருங்கியதும் கை தானாக ஸ்டியரிங்கை ஒடித்துவிடும். மறுநாள் காலை ஊர் சிரிக்கும். "நேத்தும் திரும்பிட்டான்யா. இவன் கல்யாணம் பண்ணினாலும் மாதா கோயில் வாசலோட திரும்பிடுவான்," என்று மளிகைக் கடையில் கிறிஸ்பின் ஒருநாள் சொன்னது காதில் விழுந்த பிறகுதான், யார் தடம் என்று தெரியாத டயர் வேண்டும் என்று அவன் டவுனுக்குப் போனது.

புது டயர் வந்ததும் ஆளுக்குத் தைரியம் வந்துவிட்டது, முகமூடி போட்டவனுக்கு வருகிற மாதிரி. வண்டியைக் கதவுக்கு இன்னும் நெருக்கமாக ஒட்டித் திருப்பினான். ஒரு விடியலில் இறங்கிக்கூட விட்டான். கதவுக் கம்பத்தில் ஒரு பையைத் தொங்கவிட்டு ஓடிவந்தான். மரவள்ளி வைத்தால் ஆள் அகப்பட்டுவிடும் என்று, எங்கிருந்தோ வருகிற விலை கூடின சிவப்பு ஆப்பிளாக வாங்கி வைத்திருந்தான்.

புத்திசாலித்தனம் அங்கேதான் கவிழ்ந்தது. ஊர் தடத்தைப் பார்த்தது. சீன டயர். போலீஸ்காரன் யாருக்கும் எதுவும் கொடுத்துப் பழக்கமில்லை. பாதிரியார் என்று நினைப்பது பாவம். பால்காரன் தெருமுனையோடு சரி. ஆப்பிள் வாங்குகிற கை என்றால் அது கிறிஸ்பினுடைய கைதான். கேட்டதற்குக் கிறிஸ்பின் தங்கப் பல் தெரியச் சிரித்தான். "ஒரு பொம்பள பேர் அடிபடுற விஷயம். நான் வாயத் தொறக்க மாட்டேன்," என்றான். திறக்காத வாயை நம்புகிற மாதிரி ஊர் வேறு எதையும் நம்பாது. ஊரே சொல்லும்போது போய்ப் பார்த்தால்தான் என்ன என்று கிறிஸ்பினுக்கும் தோன்றியிருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சுனில்தாவைப் போய்ப் பார்க்கப்போவதாகச் சொல்லி, வண்டியைக் கழுவி நிறுத்தினான்.

நான்தான் அது என்று எவாரிஸ்தோவால் சொல்ல முடியவில்லை. சொன்னால் ஏன் என்பதையும் சொல்ல வேண்டும். சனிக்கிழமை மத்தியானம் சுனில்தாவின் எதிர்வீட்டில், ஊர் மரியாதைக்கு 'ஞா' சேர்த்துக் கூப்பிடுகிற ஞா பிளாசிதாவிடம் போய் உட்கார்ந்தான். அவளுக்குத் தெரியாமல் தக்குவாராவில் ஒரு கோழியும் முட்டையிடாது. மழை வெறித்திருந்தது. மாத்தே இலையில் ஐஸ் தண்ணீர் விட்ட தெரெரேயை ஊற்றி நீட்டினாள். அவன் முதல் சுற்றிலேயே "நன்றி" என்று குவளையைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். போதும் என்று அர்த்தம். அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கிறிஸ்பினுக்குக் குடுத்து வச்சிருக்கு, ஞா," என்றான் எவாரிஸ்தோ.

"என்னத்த குடுத்து வச்சிருக்கு? ஆப்பிளப் பூரா அவ பன்னிக்குப் போட்டுட்டா. பன்னி தோலக்கூட விடலையாம்."



ஞா பிளாசிதா இன்னொரு குவளை ஊற்றித் தானே உறிஞ்சிவிட்டு, சொல்லலாமா என்று யோசிப்பவள் போல நடித்துவிட்டு, சொன்னாள். "காலைல எழுந்தா அவளுக்கு மொத வேல அந்தக் கதவு முன்னால பெருக்குறதுதான். சீன டயர் தடத்தத் தேய்ச்சுத் தேய்ச்சு அழிக்கிறா, என்னமோ மாடு சாணி போட்ட மாதிரி. முன்னயெல்லாம் அப்படி இல்ல. உன் பொக்கைத் தடம் கெடக்கும் பாரு, அதச் சுத்திப் பெருக்குவா. அது மேல துடைப்பம் படாது. நான் இங்கேருந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

எவாரிஸ்தோ தலையைத் திருப்பி எதிரே அந்தக் கதவைப் பார்த்தான்.

"போன வாரம் கேட்டா. அந்த மரவள்ளி வண்டி இப்ப இந்தப் பக்கம் வர்றதில்லையான்னு. ஆலைக்கு வேற வழி போட்டிருப்பான்னு சொன்னேன். பாலாடைக்கட்டிக்குக் காசுகூட வாங்க மறந்துட்டுப் போயிட்டா."

"இத ஏன் என்கிட்ட முன்னாடியே சொல்லல?"

"நீ கேட்டியா? ஊர்ல எல்லாருக்கும் தெரியும். உனக்குத் தெரியாதுன்னு யாருக்குடா தெரியும்?"

அவன் எழுந்து வீட்டுக்குப் போனான். பழைய டயர்களில் மூன்றை லீனோ எடுத்துக்கொண்டிருந்தான். பொக்கை டயரை மட்டும், ஸ்டெப்னிக்குக்கூட ஆகாது என்று அவன் சொல்லச் சொல்ல, எதற்கென்று தெரியாமலே தூக்கி வந்து கொல்லையில் போட்டிருந்தான் எவாரிஸ்தோ. இப்போது அதற்குள் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. கோழியையும் முட்டைகளையும் ஒரு கூடைக்கு மாற்றினான். மணிக்கட்டில் இரண்டு கொத்து வாங்கினான். டயரை நிமிர்த்தித் தெருவுக்கு உருட்டினான். வண்டியில் மாட்டவேண்டும் என்றால் டவுனுக்குப் போகவேண்டும். டவுனுக்குப் போய்த் திரும்புவதற்குள் கை மறுபடி கோழையாகிவிடும்.

ஈரமண்ணில் வெறும் டயர் சரியாகப் பதியவில்லை. இரண்டு கையாலும் மேலே சாய்ந்து அழுத்தி அழுத்தி உருட்டினான். மத்தியானத் தூக்கம் முடிந்து ஊரே வாசலில் உட்கார்ந்திருந்த நேரம். தெரெரே உறிஞ்சும் சத்தம் ஒவ்வொரு வாசலாக நின்றது.

"எவாரிஸ்தோ, மீதி வண்டி எங்க?"

"பின்னால வருது," என்றான் அவன், திரும்பிப் பார்க்காமல்.

மளிகைக் கடை வாசலில் கிறிஸ்பின் நின்றிருந்தான், கையில் வண்டி துடைக்கிற துணியோடு. அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு டயருக்குப் பின்னால் மண்ணில் நீண்டு வந்த தடத்தைப் பார்த்தான், பொக்கை, பொக்கை, பொக்கை என்று. சொல்ல வந்ததை விழுங்கிவிட்டுத் துணியை உதறினான்.

தெருக்கடைசிக்கு வரும்போது எவாரிஸ்தோவின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. முழங்கை வரை செம்மண். வேலிக்கதவு திறந்து கிடந்தது. சுனில்தா முற்றத்தில் மழைக்கு உதிர்ந்த இலையைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தாள். கை வியர்த்திருந்தது. கதவுக்கு முன்னால், எப்போதும் அரைவட்டம் அடிக்கிற அதே இடத்தில், டயர் அவன் பிடியிலிருந்து நழுவியது.

அது திரும்பவில்லை. நேராகக் கதவைத் தாண்டி உள்ளே போனது. இப்போதுதான் பெருக்கிய மண்ணில் மெல்லிசாகத் தடம் விட்டுக்கொண்டு, கோழிகளை விரட்டிக்கொண்டு, வேகம் குறையக் குறையச் சாய்ந்து, சுனில்தாவைச் சுற்றி ஒரு முழு வட்டம் போட்டு, ஆடி ஆடி, அவள் காலடியில் படுத்தது. அவள் டயரைப் பார்க்கவில்லை. தன்னைச் சுற்றி விழுந்திருந்த வட்டத்தைப் பார்த்தாள், பொக்கை விழுந்த ஒவ்வொரு இடமாக. துடைப்பம் கையில் அப்படியே இருந்தது, நுனி மண்ணில் படாமல்.