நாற்பது கையெழுத்து

இந்தக் காலத்தில் ஒருத்தன் உருப்படியாக ஒரு வேலை செய்தால் எவனும் திரும்பிப் பார்ப்பதில்லை. 'எனக்கு வேண்டாம்' என்று சொல்லிவிட்டால் போதும், கை வலிக்கத் தட்டுகிறார்கள்.

கட்சிக் கூட்டங்களுக்கு முப்பது வருஷமாக மைக் செட் போடுகிறவன் நான். கேட்காத புளுகு இல்லை. ஆனாலும் அன்றைக்குக் கேட்டதுபோல் குமட்டியதில்லை.

ஜனாதிபதித் தேர்தலில் மறுபடியும் தலைவரே நிற்க வேண்டுமா என்று கட்சிக்குள் முணுமுணுப்பு. துணைத்தலைவரை நிறுத்தலாம் என்றார்கள். எங்கள் கட்சி விதிப்படி, நாற்பது உறுப்பினர்கள் தம் கையாலேயே பெயரும் முகவரியும் எழுதி, கையெழுத்திட்டு முன்மொழிய வேண்டும். என் மகள் வட்டச் செயலாளர். பத்து நாள் பஸ்ஸில் அலைந்து அந்த நாற்பதையும் வாங்கியவள் அவள்தான். முதல் கையெழுத்தும் அவளுடையது.

"செய்யும்மா, நான் இருக்கேன்ல" என்று எங்கள் வீட்டில் உட்கார்ந்து சொன்னவர்தான் துணைத்தலைவர்.

கூட்டத்தன்று மேடையேறியவர் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "என்னை வளர்த்தவர் இருக்கும்போது அவர் நாற்காலிக்கு நான் ஆசைப்படுவேனா?"

கூடமே எழுந்து நின்றது. அதோடு விட்டிருக்கலாம். நாற்பது பேரும் எழுதிய அந்தத் தாள்களை எடுத்துத் தலைவர் கையில் கொடுத்தார். தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரல் வைத்து ஒவ்வொரு பெயராகப் படித்தார்.

மேடைக்குப் பின்னால் துணைத்தலைவரை மறித்தேன்.

"வேண்டாம்னா கிழிச்சுப் போட்டிருக்கலாமே ஐயா? எதுக்கு அவர் கையில குடுத்தீங்க?"

"அவர்கிட்ட எனக்கு ஒளிவு மறைவு கிடையாது பெரியவரே."

"எங்ககிட்டதான் உண்டு போல."

மகள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, வாயை மூடுங்க. எவ்வளவு பெரிய பதவியைத் தூக்கிப் போட்டிருக்கார்!"

"தூக்கிப் போடலடி. உங்க நாப்பது பேரையும் போட்டுக் குடுத்திருக்கார்."

அதற்குள் தலைவரின் உதவியாளன் வந்துவிட்டான். "லிஸ்ட்ல முதல் பேரு நீங்கதானே அக்கா? உறுப்பினர் அட்டையைக் குடுத்துட்டுப் போங்க. இனிமே வர வேண்டாம்னு தலைவர் சொல்லிட்டார்."

பதினாறு வருஷத்து அட்டை. கைப்பையைக் கிளறி எடுத்துக் கொடுத்தாள். துணைத்தலைவர் இரண்டடி தள்ளி, மேடையிலிருந்து இறங்கி வந்த தலைவர் தோளில் சாய்ந்தபடி படம் எடுத்துக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் பார்க்கவேயில்லை.

"அவர் பேசிச் சரி பண்ணிடுவார்ப்பா. விசுவாசமான மனுஷன்" என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"யாருக்கு?"

அவருக்காக அங்கேயே காத்திருக்கப் போவதாகச் சொன்னாள். இருந்துகொள் என்று படியிறங்கினேன். பேசுவாராம், சரி பண்ணுவாராம். எனக்குத் துளியும் நம்பிக்கையில்லை.