ஈரம் காயாத மலை

மாடிக்கு வந்த அம்சா அப்படியே நின்றாள்.

வானம் சுருங்கிக் கிடந்தது.

தலைக்கு மேலிருந்த வானம் சரியாகத்தான் இருந்தது. அவள் வரைந்து நிறுத்தியிருந்த வானம்தான் பால் ஆடை போலச் சுருங்கியிருந்தது. அதன் கீழே திருத்தணியின் இரட்டை மலைகள், வெளுத்த பச்சரிசி மலையும் கறுத்த பிண்ணாக்கு மலையும் நெளிந்து வழிந்தன.

நார்வேயில் குடியேறி இருபது வருடம். பனியையும் கடலையும் வரைந்து பெயர் வாங்கியவள். அடுத்த மாதம் அங்கே கண்காட்சி. நடுச் சுவரைச் சொந்த ஊரான திருத்தணிக்காகக் காலியாக விட்டுவிட்டு வந்திருந்தாள். நாளை விமானம். எண்ணெய் வண்ணம், அதற்குள் காய்ந்துவிடும் என்று கணக்குப் போட்டிருந்தாள்.

"பாவா, கொஞ்சம் மேல வாங்க."

அக்காள் கணவர் சடகோபன், கீழே ஷெட்டில் கார்களுக்குப் பெயின்ட் அடிப்பவர். வந்து முகர்ந்தார்.

"கிளியர் கோட்டு. காருக்குக் கடைசியா அடிக்கிற பளபளப்பு."

"அடிச்சது நீங்களா?"

"நான் அடிச்சா இப்பிடியா ஒழுகும்? ஸ்பிரேவ கிட்டக்க புடிச்சி அடிச்சிருக்குது. கைப்பழக்கமில்லாத ஆளு."

அக்காள் பாஞ்சாலி காபியோடு வந்தாள். டம்ளரை நீட்டிய ஆள்காட்டி விரல் பளபளவென்று மின்னியது.

இருவரும் விரலையே பார்த்தார்கள்.

"ஏங்க்கா?"

"தூசி ஒட்டாது, தண்ணி நிக்காதுன்னு உங்க பாவா வர்றவங்க போறவங்க கிட்டல்லாம் சொல்லிகினு இருப்பாரே. அவ்ளோ தூரம் ஏரோப்பிளேன்ல போவுது, பத்திரமா போவட்டுமேன்னு..."

"ஈரத்து மேல அடிச்சா சுருங்கிடும்க்கா."

"அது எனக்கின்னா தெரியும்? தொட்டா ஒட்டிகினு வந்துச்சி. ரெண்டு கோட்டா அடிச்சேன்."

"காசு குடுக்கிறவனுக்கே நான் ஒண்ணுதான் அடிக்கிறேன்" என்றார் சடகோபன்.

பாஞ்சாலி சிரிக்கவில்லை. கண் கலங்கியிருந்தது. "உன் கண்காட்சி போச்சாடி?"

"போவல. திரும்ப வரையணும். டிக்கெட்டத் தள்ளிப் போடணும். வரையறது சீக்கிரம் முடிஞ்சிடும். காயறதுக்குத்தான் நாளாவும்."

பாஞ்சாலியின் முகம் வருத்தமாகவே இருக்கப் பார்த்தது. முடியவில்லை.

"அப்ப மெதுவா காயட்டும்."

சட்டத்தில் புதிய கேன்வாஸ் துணி ஏறியது. வெயில் படாமல் குடை பிடித்தபடி, ஊரில் யார் வீட்டில் யாருக்கு என்ன என்று பாஞ்சாலி விடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். அம்சா வரைந்தாள், கேட்டாள், பதில் சொன்னாள், சண்டையும் போட்டாள்.

படம் முடிந்த பிறகு தினம் காலையில் மாடிப்படியிலிருந்து அதே கேள்வி. "காஞ்சிதாடி?"

இன்றும் கேட்டாள். அம்சா பிண்ணாக்கு மலையின் அடிவாரத்தில் விரலை வைத்து அழுத்தினாள். எடுத்துப் பார்த்தாள். ஒன்றும் ஒட்டவில்லை.

"இன்னும் இல்லக்கா. ரெண்டு நாள் போவட்டும்."

சுத்தமாக இருந்த விரலைப் புடவையில் நன்றாகத் துடைத்துக்கொண்டாள்.