ஜன்னலோரத்தில் உட்காராதவள்

முன்னறையில் அன்று நாலு பேர். சோபாவின் நுனியில், எந்த நிமிஷமும் எழுந்து ஓடிவிடப்போகிறவர் போல, தையல்கடை முதலாளி. எதிரே பிரம்பு நாற்காலியில் மகள், மடியில் கைப்பை. கதவோர முக்காலியில் மாப்பிள்ளை, கையில் போன். நடுவே, சாப்பாட்டு மேஜையிலிருந்து இழுத்துப்போட்ட நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள், அந்த மகளின் அம்மா, கடையில் துணி வெட்டுவதால் எல்லோரும் ‘கட்டிங் அக்கா’ என்று கூப்பிடுகிறவள். ஜன்னலோரச் சாய்வு நாற்காலியில் இஸ்திரி போட வேண்டிய துணிதான் கிடந்தது. அவள் அதில் உட்கார்ந்ததே கிடையாது.

வாரப் பத்திரிகையில் மகள் எழுதிய கதையிலோ அவள் அந்த நாற்காலியில்தான் காலம் தள்ளினாள். கத்திரி பிடித்த கை நடுங்கியது. யாருக்காகவோ தெருவைப் பார்த்தாள். கடைசியில் ஓசைப்படாமல் செத்தும் போனாள்.

“தப்பா எடுத்துக்காதீங்கக்கா,” முதலாளி தொண்டையைச் செருமினார். “அளவு கொடுக்க வர்றவங்க கதையைப் படிச்சிட்டு, கோட்டுத் துணியை அந்தம்மா வெட்ட வேண்டாங்கறாங்க. நீங்க பட்டன் தைங்க, போதும்.”

“ஒரு துணியாவது பாழாக்கியிருக்கேனா தம்பி?”

“இல்லக்கா. ஆனா கதையில அப்படி வருதே.”

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மகள் பக்கம் திரும்பினாள்.

“அது நீ இல்லம்மா. கற்பனை.”

“அப்ப என் புருவத்துத் தழும்பை எதுக்குடி கொண்டுபோய் அவளுக்கு ஒட்டின?”

“வயசானவங்களை அப்படித்தாம்மா எழுதுவாங்க. படிக்கிறவங்க கண் கலங்கணும்ல.”

“அவங்க கண் கலங்க நான் சாகணுமா?”

மாப்பிள்ளை சிரித்துத் தொலைத்தார். மாமியார் பார்த்த பார்வையில் தலை மறுபடி போனுக்குள் போனது.

மகள் விடவில்லை. “போன மாசம் தட்டு வைக்கும்போது உன் கை நடுங்கிச்சே. நான் கண்ணால பார்த்தேன்.”

“நடுங்கிச்சுதான். ஏன்னு கேட்டியா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம என் மிஷினைப் பழைய சாமான்காரனுக்குப் போட்டுட்டு, ‘உனக்கு இனி எதுக்கும்மா’ன்னியே, அன்னிக்கு! அது கோபம்டி. தட்டை உன் தலையில போடாம கீழே வைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அதைப் போய் வயசுன்னு எழுதிட்ட.”

கதை படிக்காதவள் இல்லை கட்டிங் அக்கா. எத்தனை கிழவிகளைப் படித்திருக்கிறாள்! எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள், மன்னித்தார்கள், கண்ணை மூடினார்கள். ஒருத்தியாவது சண்டை போட்டாளா? சம்பள உயர்வு கேட்டாளா?

“தம்பி, அதே பத்திரிகையில என் பதில் வந்தா, என் கட்டிங் டேபிள் எனக்குத்தானே?”

“வரட்டுங்கக்கா. நீங்களே வெட்டுங்க.”

“அம்மா, என் புத்தகம் வரப்போற நேரம்! என் மானம் போயிடும்.”

“என் வேலை போயிடுச்சே, அது?”

சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதினாள். “ஆசிரியர் அவர்களுக்கு, உங்கள் பத்திரிகையில் இறந்துபோனவள் எழுதுவது. நான் சாகவில்லை. கை நடுங்கியது கோபத்தால். காரணம் கீழே.” காரணத்தை ஒன்று விடாமல் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

“என் மக நல்லா எழுதியிருக்கான்னாவது ஒரு வரி சேர்த்துக்கோம்மா,” என்றாள் மகள், குரல் இறங்கி.

“நல்லாத்தான் எழுதியிருக்க. அதனாலதான் அத்தனை பேரும் நம்பித் தொலைச்சிட்டாங்க.”

உறையின் வாயை ஒட்டி, நகத்தால் அழுத்தித் தேய்த்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனைத் தபால்பெட்டிக்குத் தானே போனாள். கடிதம் உள்ளே விழுந்த பிறகும், பெட்டியை ஓங்கி ஒரு அறை அறைந்துவிட்டுத்தான் திரும்பினாள்.